குதிரைக்குக் கல்லீரல் ஸ்கேன்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

எனக்கு வயிற்று ஸ்கேன் எடுத்தபோது வெறும் வயிற்றில் வரச் சொன்னார்கள். குதிரையையும் பட்டினி போட வேண்டுமா?

வேண்டவே வேண்டாம். நம்மை வெறும் வயிற்றில் வரச் சொல்வதற்கு முக்கியக் காரணம், சாப்பிட்டால் பித்தப்பை சுருங்கிவிடும் என்பதுதான். குதிரைக்குப் பித்தப்பையே கிடையாது. நாளெல்லாம் மேய்கிற பிராணி அது, பித்தமும் நாளெல்லாம் சிறுகுடலுக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும்.

பட்டினி போட்டால் கெடுதல்தான் உண்டு. தீனி எடுக்காமல் இருந்தாலே குதிரையின் ரத்தத்தில் பிலிருபின் என்ற மஞ்சள் நிறமி ஏறி, கண்ணும் ஈறும் மஞ்சளாகிவிடும், கல்லீரலில் ஒரு கோளாறும் இல்லாவிட்டாலும்கூட. அப்புறம் அந்த மஞ்சள் நோயால் வந்ததா, பசியால் வந்ததா என்று குழம்ப வேண்டியதுதான். மட்டக்குதிரையையும் கழுதையையும் பட்டினி போடுவது இன்னும் ஆபத்து. உடம்புக் கொழுப்பு கரைந்து ரத்தத்தில் கலந்து கல்லீரலில் போய்ப் படியும். இல்லாத நோயை நாமே வரவழைத்ததாகிவிடும். வழக்கம்போல உலர்புல் கொடுத்தே கூட்டி வாருங்கள்.

24 வயதுக் குதிரை. வலப்பக்கம் ஸ்கேன் செய்தவர், "கல்லீரலே தெரியவில்லை" என்றார். சுருங்கிப்போய்விட்டதா?

அதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். வயதான குதிரைகளில் பெருங்குடல் அழுத்தி அழுத்தி, கல்லீரலின் வலது மடல் மெலிந்துபோவது சகஜம். போதாக்குறைக்கு மேலே நுரையீரல், கீழே குடல். இரண்டிலும் காற்று இருப்பதால் ஸ்கேனின் ஒலி அலை அவற்றைத் தாண்டிப் போகாது.

இடப்பக்கமும் பார்த்தாரா என்று கேளுங்கள். முன்னங்காலின் முழங்கை மட்டத்தில், 6 முதல் 9 வரையிலான விலா இடைவெளிகளில் கல்லீரலும் மண்ணீரலும் பக்கத்தில் பக்கத்தில் கிடைக்கும். ஆரோக்கியமான கல்லீரல் மண்ணீரலைவிடச் சற்றுக் கறுப்பாகத் தெரியும், அதன் ஓரம் கூராக இருக்கும். ஓரம் மழுங்கி உருண்டிருந்தால் வீக்கம் என்று சந்தேகிக்கலாம். குதிரை நன்றாகச் சாப்பிட்டு, ரத்தப் பரிசோதனையும் சரியாக இருந்தால், வலது மடல் தெரியாததை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

ரத்தத்தில் ஜி.ஜி.டி. என்ற கல்லீரல் என்சைம் அதிகம், ஸ்கேன் "நார்மல்". எதை நம்புவது?

அடிக்கடி வரும் கேள்வி இது. இதில் பிசகினால் குதிரையை இழக்க நேரலாம் என்பதால் அழுத்தியே சொல்கிறேன்: சுத்தமான ஸ்கேன் கல்லீரலுக்குக் கொடுத்த நற்சான்றிதழ் அல்ல.

500 கிலோ குதிரைக்குக் கல்லீரல் மட்டும் ஏறக்குறைய 5 கிலோ இருக்கும். அதில் நம் திரைக்கு வருவது ஒரு பகுதிதான். அந்தப் பகுதியிலும் அளவு, நிறம், ரத்தக்குழாய்களின் அமைப்பு கண்ணுக்குத் தெரிகிற மாதிரி மாறினால்தான் பிடிபடும். ராக்வொர்ட், கிலுகிலுப்பை போன்ற நச்சுச் செடிகளை வாரக்கணக்கில் தின்ற குதிரையை எடுத்துக்கொள்ளுங்கள். கல்லீரல் முழுக்க மெல்லிய தழும்பு ஓடியிருக்கும். எல்லா இடத்திலும் ஒரே சீராகப் பரவியிருப்பதால் வித்தியாசம் காட்ட ஒரு புள்ளியும் இருக்காது, திரையில் எல்லாம் ஒழுங்காகவே தெரியும்.

ஜி.ஜி.டி. பித்தநாளப் பக்கத்துக் கோளாறைக் காட்டுகிற என்சைம். அது ஏறியிருந்தால் பித்த அமிலங்களின் அளவையும் பாருங்கள். கல்லீரல் வேலை செய்யும் திறனை அதுதான் சொல்லும். இரண்டும் தொடர்ந்து அதிகமாகவே இருந்தால் அடுத்தது பயாப்ஸி, அதாவது ஊசியால் கல்லீரலில் ஒரு துணுக்கு எடுத்துச் சோதிப்பது. ஒரே மேய்ச்சலில் இருக்கும் மற்ற குதிரைகளுக்கும் ரத்தம் எடுத்துவிடுங்கள். வெளியே ஒன்றும் தெரியாமல் உள்ளே பாதிக்கப்பட்டவை அவற்றிலும் இருக்கலாம்.

நான் இளம் கால்நடை மருத்துவர். பித்தநாளக் கல்லை ஸ்கேனில் எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் குதிரையைப் பாருங்கள். விட்டு விட்டு வயிற்றுவலி, காய்ச்சல், காமாலை மூன்றும் சேர்ந்து வந்தால் கல்லைத் தேடியே ஆக வேண்டும்.

திரையில் முதல் தடயம் பெரும்பாலும் குழாய்தான். நல்ல நிலையில் உள்ள குதிரையின் கல்லீரலுக்குள் பித்தநாளம் கண்ணுக்கே தெரியாது. குடலிலிருந்து கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுவரும் போர்ட்டல் சிரைக்குப் பக்கத்தில் இணையாக இன்னொரு கறுப்புக் குழாய், தண்டவாளம் போல ஓடுகிறது என்றால் நாளம் விரிந்திருக்கிறது என்று அர்த்தம். சந்தேகமா, ரத்த ஓட்டத்தை நிறமாகக் காட்டும் டாப்ளரைப் போடுங்கள். சிரையில் நிறம் ஓடும், பித்தநாளத்தில் ஓடாது. அப்புறம் அந்தக் குழாய் வழியே மெதுவாகப் போங்கள். பளிச்சென்ற ஒரு வெள்ளைப் பிறை, அதன் அடியில் கத்தியால் வெட்டினாற்போல் கருநிழல் விழுந்தால் அது கல்.

இரண்டு எச்சரிக்கை. குடல் வாயுவும் வெள்ளையாகத்தான் தெரியும், ஆனால் அதன் நிழல் சாம்பல் கலந்து கலங்கலாக இருக்கும். இன்னொன்று, எல்லாக் கல்லும் நிழல் போடாது. குதிரையின் கற்களில் கால்சியம் பிலிருபினேட் வகை சகஜம், சில சகதி போலவே இருக்கும். கல் நுரையீரலுக்கோ குடலுக்கோ பின்னால் மறைந்திருந்தால் கிடைக்கவே கிடைக்காது. விரிந்த நாளம் தெரிந்து கல் தெரியாவிட்டால், "கல் இல்லை" என்று எழுதாதீர்கள், "கல் தென்படவில்லை" என்று எழுதுங்கள்.

பயாப்ஸி என்றாலே பயமாக இருக்கிறது. அவசியமா?

பயம் நியாயமானதுதான். கண்ணை மூடிக்கொண்டு குத்தினால் குடலிலோ நுரையீரலிலோ பட்டுவிடலாம். ஸ்கேன் அந்த இடத்தில்தான் பெரிய துணை. வழக்கமாக வலப்பக்கம் 12 முதல் 14 வரையிலான விலா இடைவெளிகளில், கல்லீரல் தடிமனாக உள்ள இடத்தைத் தேர்ந்தெடுப்போம். குதிரை மூச்சுவிடும்போது திரையில் நுரையீரலின் ஓரம் திரைச்சீலை போலக் கீழே இறங்கி ஏறும். அது இறங்கினாலும் மறைக்காத இடமாகப் பார்த்துக் குறித்துக்கொள்வோம். ரத்தக்குழாய்கள் விலாவின் பின்விளிம்பை ஒட்டி ஓடுவதால், பின்னால் இருக்கும் விலாவின் முன்விளிம்பை ஒட்டி ஊசியை இறக்குவோம். மயக்க மருந்தும் மரப்பு ஊசியும் போட்டு, குதிரை நின்ற நிலையிலேயே முடிந்துவிடும். முன்னதாக ரத்தம் உறையும் திறனைச் சோதிக்கச் சொல்லுங்கள், கல்லீரல் பழுதானால் அதுவும் குறையலாம்.

நோய் என்ன, தழும்பு எவ்வளவு, மீளுமா என்ற மூன்றுக்கும் பயாப்ஸி அளவுக்கு வேறு எதுவும் பதில் சொல்லாது.

சினை பார்க்கும் மலக்குடல் புரோபால் கல்லீரலைப் பார்க்க முடியுமா?

ஓரளவுக்கு. அந்த ஸ்கேன் கருவியை வெளியே விலாப் பக்கம் வைத்தால் தோலுக்கு அருகில் உள்ள பகுதி தெரியும், பயாப்ஸி இடத்தைக் குறிக்கவும் போதும். ஆழமாகப் பார்க்க 2.5 முதல் 5 மெகாஹெர்ட்ஸ் வரையிலான வளைவு புரோப் வேண்டும். எந்த புரோபாக இருந்தாலும் முடியை மழித்து, தோலைக் கழுவி, ஜெல்லைத் தாராளமாகத் தடவுங்கள்.