கழற்றியதும் சுருங்கும் ஆரி வேர்க்

வணக்கம் அக்கா,

பட்டுச் சட்டைத் துணியில் கழுத்தைச் சுற்றி ஆரி வேர்க் (கொக்கி ஊசியால் போடும் சங்கிலித் தையல்) செய்தேன். பிரேமில் இருக்கும்வரை நேராகத்தான் இருந்தது. கழற்றியதும் கழுத்தோரம் சுருங்கிவிட்டது. ஊசியும் மேலே வரும்போது துணி இழையைக் கொழுவுகிறது. ஊசி கூடாதா, நூல் கூடாதா? இது பிரான்சிலிருந்து வந்த வேலை என்று வகுப்பில் சொன்னார்கள், உண்மையா?

— ஒரு வாசகி, சுன்னாகம்

அன்புள்ள தங்கைக்கு,

ஊசியை மாற்றக் காசு செலவழிக்க முதல், சுருங்கிய இடத்தைக் கிட்டப் பாருங்கள். சங்கிலிக் கண்கள் நெல்மணி போல உப்பி இருக்கின்றனவா, ஒரே கோடாக ஒட்டிக் கிடக்கின்றனவா? ஒட்டிக் கிடந்தால் அடியில் நூல் பிடிக்கும் கை இறுக்கிவிட்டது. கண்கள் உப்பி இருந்தும் துணி அலை அலையாக நின்றால் குற்றம் பிரேமில். ஒரு பக்கமாக அதிகம் இழுபட்ட துணி கழற்றியதும் பழைய அளவுக்குத் திரும்பும். தைத்த நூல் திரும்பாது. கழுத்து வளைவில் இது கூடுதலாகத் தெரியும். அங்கே தையல் கிராஸில், அதாவது நெசவு இழைக்குச் சாய்வாக, ஓடுகிறது, கிராஸில்தான் துணி நன்றாக இழுபடும்.

அதனால் சட்டையை வெட்டிவிட்டுப் பிரேமில் போடாதீர்கள். முழுத்துண்டில் கழுத்தை வரைந்து, வேலை முடித்து, பிறகு வெட்டுங்கள். பட்டின் நான்கு ஓரத்திலும் 2 அங்குலக் கொட்டன் பட்டி தைத்து, கயிற்றை அந்தப் பட்டியில் கோர்த்து இழுங்கள். பட்டிலேயே கோர்த்தால் கிழியும். ஒரு பக்கம் இழுத்தால் உடனே எதிர்ப்பக்கம். நெசவு இழை பிரேம் கட்டைக்கு நேராக நிற்க வேண்டும். விரலால் சுண்டினால் மேளத்தோல் போலச் சத்தம் வரவேண்டும். இடையில் தொய்ந்தால் மறுபடி இறுக்குங்கள், தொய்ந்த துணியில் தைத்தால் நூலே துணியைச் சுருக்கும். லைனிங் கொட்டன் என்றால் முதலே நனைத்துக் காயவிடுங்கள்.

ஊசி கொழுவுவதற்கு வருவோம். கைபிடியில் இருக்கும் திருகாணியும் கொக்கியின் வாயும் ஒரே பக்கம் பார்க்க வேண்டும். துணிக்குக் கீழே போன கொக்கி எந்தப் பக்கம் பார்க்கிறது என்று சொல்ல அந்தத் திருகாணி மட்டுந்தான் இருக்கிறது. குத்துங்கள், கீழே நூலைச் சுற்றுங்கள், அரைச்சுற்றுத் திருப்புங்கள். ஏற்றும்போது ஊசியின் முதுகால் துணியை மெல்ல அழுத்தினால் துளை கொஞ்சம் விரியும், வாய் எதிலும் படாது. தையல் நீளம் 2 முதல் 3 மில்லிமீற்றர் போதும்.

முடிவைப் பூட்ட மறக்காதீர்கள். அரிசிச் சாக்கின் வாய்த்தையலை ஒரு முனையிலிருந்து இழுத்தால் முழுவதும் உருவிக்கொண்டு வருமே, இதுவும் அதே சங்கிலிதான். கடைசிக் கண்ணை ஒரு சின்னத் தையலால் பின்னுக்குப் பிடித்து, நூலை அடியில் இறக்கி முடிச்சுப் போடுங்கள்.

வகுப்பில் சொன்னது தலைகீழ். இந்தியாவில் குஜராத்தின் கச்ச் பகுதியில் செருப்புத் தைக்கும் மோச்சிகள் தோலில் பயன்படுத்திய கொக்கி ஊசிதான் துணிக்கு வந்தது. 18ஆம் நூற்றாண்டில் ஐரோப்பா இந்தியத் துணிகளைப் பார்த்து இந்தத் தையலைப் பழகியது. அவர்கள் வைத்த பெயர் தம்பூர். பிரெஞ்சில் அது மேளம், வட்டப் பிரேமில் இறுக்கிய துணிக்குப் பொருத்தமான பெயர். 1770இல் பாரிசில் அச்சான, செந்-ஒபன் என்ற பிரெஞ்சுக்காரர் எழுதிய பூத்தையல் புத்தகத்தில் அது இருக்கிறது. பிரான்சின் லுனெவில் ஊரில் பிற்பாடு வளர்ந்த முறையில் மணிகளை நூலில் முதலே கோர்த்துத் துணிக்கு அடியில் வைத்துத் தைப்பார்கள். தைப்பவர் பார்ப்பது துணியின் பின்பக்கம். ஒரே நிற மணிவரிசைக்கு அது வேகமானது. நம் முறையில் மணியை மேலிருந்து ஊசியில் ஏற்றுகிறோம், அதனால் கொக்கி நுழையாத துளையுள்ள மணி எவ்வளவு வடிவாக இருந்தாலும் வேண்டாம்.

சுருங்கிய சட்டையைத் தடித்த துவாயில் குப்புறப் போட்டு, ஈரத்துணி விரித்து, பின்பக்கமாக அயன் பண்ணிப் பாருங்கள். இழுக்காமல் அழுத்துங்கள். இப்போது கடைகளில் வரும் ஜரிகை பெரும்பாலும் பிளாஸ்ரிக், சூடு கூடினால் அதுவும் சுருண்டுவிடும்.