லைனர் லாக் மடக்குக் கத்தியில் பூட்டுத் தகடு உள்ளே தள்ளிப் போய்க்கொண்டே இருக்கிறது. கத்தி தேய்ந்துவிட்டதா?

கேள்வியின் சுருக்கம்: வாங்கிய புதிதில் அலகின் கனத்தில் கால்பங்கில் வந்து நின்ற பூட்டுத் தகடு, ஒரு வருடத்தில் முக்கால்பங்கு வரை போய்விட்டது. இனி நம்பிப் பயன்படுத்தலாமா?

அலகு ஆடவில்லை என்றால் பயன்படுத்தலாம். தகடு எங்கே நிற்கிறது என்று பார்த்துப் பதறுபவர்கள் அதிகம், அலகைப் பிடித்து ஆட்டிப் பார்ப்பவர்கள் குறைவு.

பிடிக்குள் இருபுறமும் உலோகத் தகடு இருக்கும். அதில் ஒன்றை நீளவாக்கில் வெட்டி, உள்பக்கமாக வளைத்து விட்டதுதான் லைனர் லாக். அலகு முழுதாகத் திறந்து, அதற்கு மேல் போகாமல் தடுக்கும் ஸ்டாப் பின் என்ற சிறு கம்பியில் முட்டும்போது, வளைந்த தகடு துள்ளி வந்து அலகின் அடிப்பகுதிக்குப் பின்னால் நிற்கும். அலகின் அடி அந்த இடத்தில் நேராக வெட்டப்பட்டிருக்காது. ஏறத்தாழ 7 முதல் 10 டிகிரி சாய்த்து அரைத்திருப்பார்கள். கதவு ஆடாமலிருக்க அடியில் செருகும் ஆப்பு மாதிரிதான். ஒரு பக்கம் ஸ்டாப் பின், மறுபக்கம் தகட்டின் முனை, நடுவில் அலகு இறுகி நிற்கிறது. தேய்மானம் ஏற்பட்டால் ஆப்பு இன்னும் கொஞ்சம் உள்ளே போய் இடைவெளியை அடைத்துக்கொள்ளும். அதாவது தகடு நகர்வது கோளாறு அல்ல, அதற்காகத்தான் அந்தச் சாய்வு.

எவ்வளவு தேய்ந்தால் எவ்வளவு நகரும்? சாய்வு 8 டிகிரி என்றால் 0.1 மி.மீ. தேய்மானத்துக்குத் தகடு சுமார் 0.7 மி.மீ. நகரும், ஏழு மடங்கு. 3 மி.மீ. கனமுள்ள அலகில் கால்பங்கிலிருந்து முக்கால்பங்கு வரை போவது 1.5 மி.மீ. நகர்வு. உண்மையில் தேய்ந்தது சுமார் 0.2 மி.மீ., இரண்டு ஜெராக்ஸ் தாளின் கனம். அதுவும் ஒரே இடத்தில் இல்லை. தகட்டின் முனை, அலகின் அடி, ஸ்டாப் பின் மூன்றிலும் பிரிந்து கிடக்கும். இதில் ஒரு பகுதி தேய்மானம்கூட இல்லை. புதுக் கத்தியில் அரைத்த தடங்களின் மேடுகள் முதல் சில நூறு திறப்புகளில் அமுங்கும். அப்போது வேகமாக நகர்ந்து, பிறகு மெதுவாகிவிட்டதென்றால் எல்லாம் சரி. ஒரே வேகத்தில் நகர்ந்துகொண்டே இருந்தால்தான் காரணம் தேட வேண்டும்.

பெரும்பாலும் காரணம் கைதான். கட்டைவிரலால் மெல்லத் திறந்தால் தேய்மானம் மிகக் குறைவு. மணிக்கட்டை உதறிப் படார் படாரென்று திறப்பவர்கள் ஒவ்வொரு முறையும் ஸ்டாப் பின்மேல் சுத்தியல் அடி கொடுக்கிறார்கள். தகடு டைட்டானியம் என்றால் இன்னும் மோசம். கத்திகளில் வழக்கமாக வரும் 6ஏஎல்-4வி கலவையின் கடினம் ராக்வெல் சி அளவில் 36 அருகே, அலகின் எஃகு 58 முதல் 62 வரை. மென்மையான டைட்டானியம் கடினமான எஃகில் இழுபட்டுச் சாம்பல் நிறத்தில் அப்பிக்கொள்ளும். அதனால்தான் பிடியின் ஒரு பக்கமே பூட்டாக வேலை செய்யும் நல்ல ஃப்ரேம் லாக் கத்திகள் பலவற்றில் பூட்டின் முனையில் தனியாக ஓர் எஃகுத் துண்டைப் பொருத்துகிறார்கள்.

இப்போது சோதனை. முதலில் பக்கவாட்டில் ஆட்டுங்கள். ஆடினால் அது பிவட் திருகின், அதாவது அலகு சுழலும் அச்சுத் திருகின் வேலை, பூட்டுக்குச் சம்பந்தமில்லை. அரைக்கால் சுற்று, அரைக்கால் சுற்றாக இறுக்குங்கள். பக்கவாட்டு ஆட்டத்தை முதலில் தீர்த்துவிட வேண்டும், இல்லாவிட்டால் கைக்கு அது மேல்கீழ் ஆட்டம் போலவே தெரியும். அடுத்து, விரல்கள் எதுவும் அலகு மடங்கும் வழியில் இல்லாதபடி பிடித்துக்கொண்டு, அலகின் முதுகை மேசை விளிம்பில் வைத்து மெதுவாக அழுத்துங்கள். 'டக்' என்று ஓர் உணர்வு வந்தால் மேல்கீழ் ஆட்டம் இருக்கிறது. தகடு வெளிப்பக்கமாக வழுக்குகிறதா என்றும் கண்ணால் பாருங்கள். வழுக்கினால் அன்றே கத்தியை ஒதுக்கிவிடுங்கள். முதுகை மேசையில் ஓங்கி அடித்துப் பார்ப்பது வேண்டாத வேலை. பூட்டைச் சோதிக்கிறேன் என்று பூட்டையே கெடுப்பது அது.

வழுக்குவதற்குச் சாய்வு அதிகமாக இருப்பது ஒரு காரணம் என்றால், எண்ணெய் இன்னொன்று. 8 டிகிரிச் சாய்வில் ஆப்பு நிற்க உராய்வுக் கெழு 0.14-க்கு மேல் இருக்க வேண்டும். எண்ணெய் பட்ட எஃகில் அது கிட்டத்தட்ட அந்த அளவுக்கே இறங்கிவிடும். ஆகவே எண்ணெய் பிவட்டுக்கு மட்டும், அதுவும் ஒரு சொட்டு. தகடும் அலகும் தொடும் பூட்டு முகத்தை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்துக் காயவிடுங்கள்.

மேல்கீழ் ஆட்டம் இருந்தால், அலகின் அடியில் அந்தச் சாய்தளத்துக்குக் கறுப்பு மார்க்கர் பூசிப் பத்து முறை திறந்து மூடிப் பாருங்கள். மை அழிந்த இடம்தான் உண்மையில் தொடும் இடம். பிவட்டிலிருந்து எட்டியுள்ள ஓரத்தில் அழிந்திருந்தால் நல்லது. பிவட்டுக்கு அருகில் மட்டும் அழிந்திருந்தால் அலகு அந்தப் புள்ளியை வைத்து ஊஞ்சலாடும். உடனே அரத்தை எடுக்காதீர்கள். மேலே சொன்ன ஏழு மடங்குக் கணக்கு இங்கேயும் உண்டு. அரம் 0.1 மி.மீ. தின்றால் தகடு 0.7 மி.மீ. உள்ளே போய்விடும், திரும்ப ஒட்ட முடியாது. தகட்டை இன்னும் வளைத்து அழுத்தம் கூட்டுவதும் தீர்வில்லை. தேய்மானம்தான் கூடும்.

முதலில் ஸ்டாப் பின்னைப் பாருங்கள். உருண்டையான பின்னில் அலகு மோதிய இடம் தட்டையாகியிருந்தால், கழற்றிக் கால் சுற்றுத் திருப்பிப் போட்டாலே பூட்டு கொஞ்சம் வெளியே வந்து நிற்கும். அது போதாவிட்டால், அலகு முட்டும் இடத்தில் 0.1 மி.மீ. கூடுதல் விட்டமுள்ள ஸ்டாப் பின்னைப் போடலாம். ஆரத்தில் 0.05 மி.மீ. கூடும், தகடு ஏறத்தாழ 0.35 மி.மீ. பின்வாங்கும். கழற்றும்போது திருகு அசையவில்லை என்றால் தலை மழுங்கும்வரை முறுக்க வேண்டாம். சால்டரிங் அயர்ன் முனையைத் திருகின் தலையில் அரை நிமிடம் வைத்தால் உள்ளே இருக்கும் பசை இளகும். திரும்பப் போடும்போது மரையில் திருகு தளராமல் பிடிக்கும் நீல நிற லாக்டைட் பசை ஒரு பொட்டு போதும். வாஷரில் பட்டால் அலகு நகராது.

தகடு எதிர்ப்புறத் தகட்டிலேயே முட்டி, அதன்பிறகும் மேல்கீழ் ஆடினால் ஆப்புக்குப் போக இடமில்லை. ஸ்டாப் பின்னை மாற்றியும் ஆட்டம் நிற்காவிட்டால் பூட்டே இல்லாத கத்தி என்று நினைத்துப் பயன்படுத்துங்கள்.

அலகின் அடியில் வளைவாக ஒரு கீறல் தெரிந்தால் பயப்பட வேண்டாம். மூடிய அலகைப் பிடித்து வைக்கும் சின்னக் குண்டு உரசிய தடம் அது.

மற்றப் பூட்டுகளில் கதை வேறு. 1964-இல் வந்த பக் 110 கத்தி பிரபலமாக்கிய, பிடியின் முதுகிலுள்ள கம்பி அலகின் காடியில் விழுந்து பூட்டும் பேக் லாக்கில் தேய்மானம் நேரடியாக மேல்கீழ் ஆட்டமாகத் தெரியும். ஆனால் பாதி நேரம் அது தேய்மானமே இல்லை, காடியில் அடைத்த பாக்கெட் பஞ்சு. பல்குச்சியால் நோண்டி எடுத்தால் போதும். ஓபினெல் கத்தியின் திருகுவளையம் லூசானால் கழற்றி இடுக்கியால் லேசாக நெருக்கிப் போடலாம். பெஞ்ச்மேட்டின் ஆக்சிஸ் லாக்கிலும் குறுக்குக் கம்பி சாய்வில் ஏறி நின்று தேய்மானத்தைத் தானே ஈடுகட்டிக்கொள்ளும். அதில் உடைவது பெரும்பாலும் அந்தக் கம்பியைத் தள்ளும் மெல்லிய ஸ்பிரிங்தான். இருபுறமும் ஒவ்வொன்று உண்டு. ஒன்று போனாலும் பூட்டு பிடிக்கும், ஆனால் கம்பி ஒரு பக்கம் சோர்ந்து வரும். இரண்டையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள்.