தோலை இறுக்கிய நோய் புது நுரையீரலை விட்டுவைக்குமா?

கேள்வி: அம்மாவுக்கு 51 வயது. காங்கேயம் பக்கம் தோட்டத்துக்குள் குடியிருக்கிறோம். ஒன்பது வருடமாக அம்மாவுக்கு ஸ்க்ளீரோடெர்மா; எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தாக்கித் தோலை இறுக்கும் நோய். தோல் இறுகியது போக, இப்போது நுரையீரலும் சுருங்கிவிட்டது. ஊதும் டெஸ்டில், இருக்க வேண்டிய அளவில் இரண்டு வருடத்துக்கு முன்னால் 62 சதவீதம், இப்போது 48. கட்டுத்தரை வரை நடந்தாலே மூச்சு வாங்குகிறது. கோவை டாக்டர், நுரையீரல் மாற்று சிகிச்சைக்காகச் சென்னையில் போய்க் காட்டச் சொல்கிறார். அப்புச்சியோ (அம்மாவின் அப்பா), “ஒடம்பு பூராவும் இருக்கிற நோவு, புதுசு வச்சா அதையும் தின்னுபோடும்” என்கிறார். என் நுரையீரலில் ஒன்றைக் கொடுக்கலாமா?

பதில்: அம்மிணி, முதலில் அப்புச்சிக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டில் கடைசி வார்த்தை அவருடையது என்று கடிதத்திலேயே தெரிகிறது.

அவர் பயம் நியாயமானதுதான். நாங்கள் படித்த காலத்தில் பெரிய மருத்துவமனைகளே இந்த நோயாளிகளைச் சேர்க்கத் தயங்கின. இப்போது நிலைமை மாறியிருக்கிறது. பார்த்துத் தேர்ந்தெடுத்துச் செய்தால், ஸ்க்ளீரோடெர்மா போன்ற இணைப்புத் திசு நோயால் நுரையீரல் தழும்பேறியவர்களும், காரணமே தெரியாமல் தழும்பேறியவர்களும் ஏறக்குறைய ஒரே அளவு காலம் வாழ்கிறார்கள். புது நுரையீரலிலும் ஸ்க்ளீரோடெர்மா வருவது அபூர்வம். புது நுரையீரலை உடம்பு ஒதுக்காமல் இருக்கக் கொடுக்கும் மாத்திரைகள் எதிர்ப்புச் சக்தியை அடக்குபவை. அவற்றில் ஒன்றான மைகோஃபினோலேட்டை ஸ்க்ளீரோடெர்மாவுக்கே கொடுக்கிறோம்.

ஆனால் உடம்பு அந்த நுரையீரலை மெல்ல மெல்ல ஒதுக்கும் ஆபத்து எல்லோருக்கும் உண்டு. எந்த நோய்க்காகச் செய்தாலும் சரி, மாற்று நுரையீரல் பெற்றவர்களில் பாதிப் பேர்தான் ஆறேழு வருடத்தைத் தாண்டுகிறார்கள். இதையும் அப்புச்சியிடம் மறைக்காதீர்கள்.

அம்மா விஷயத்தில் எனக்கு நுரையீரலைவிட உணவுக்குழாய்தான் கவலை. கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. நெஞ்சு கரிக்கிறதா? படுத்தால் எதுக்களிக்கிறதா? சோறு நெஞ்சில் நிற்கிறதா? ஸ்க்ளீரோடெர்மாவில் உணவுக்குழாயின் தசை தளர்ந்து, வயிற்றில் இருப்பது மேலே ஏறும். தூக்கத்தில் சொட்டுச் சொட்டாக மூச்சுக்குழாய்க்குள் இறங்கினால், இருமல்கூட வராமல் புது நுரையீரல் பாழாகும். இந்த நோயாளிகளை மருத்துவமனைகள் திருப்பி அனுப்ப இது ஒரு முக்கியக் காரணம். அதனால் உணவுக்குழாயின் அழுத்தத்தையும் அமிலத்தையும் அளக்கும் சோதனைகள் இருக்கும்; சலித்துக்கொள்ள வேண்டாம். அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். இன்றைக்கே கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்து அரையடி உயர்த்துங்கள். ராத்திரிச் சாப்பாட்டைப் படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்பே, சந்தகை மாதிரி மெதுவானதாக, வயிறு முட்டாமல் கொடுங்கள்.

சிறுநீரகத்தையும் பார்ப்பார்கள். ஆபரேஷனுக்குப் பிறகு சாப்பிட வேண்டிய, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் டாக்ரோலிமஸ் மாத்திரை அதைப் பதம் பார்க்கும். நுரையீரல் ரத்தக்குழாய் அழுத்தத்தை அறிய இதயத்துக்குள் குழாய் விட்டும் சோதிப்பார்கள்.

இன்னொன்று. அம்மாவுக்கு மார்கழிக் குளிரில் விரல் வெளுத்து நீலம் பாரிக்குமே, அந்த விரலில் ஆக்சிஜன் மானியை மாட்டினால் அளவு தப்பாகக் காட்டும். காது மடலில் மாட்டும் வகையைக் கேட்டு வாங்குங்கள்.

உங்கள் நுரையீரலைத் தர நினைத்தது பெரிய மனசு. ஆனால் இது சிறுநீரகம் மாதிரி அல்ல. நம் ஊரில் மூளைச்சாவு அடைந்தவர்களிடமிருந்துதான் நுரையீரல் கிடைக்கிறது. மருத்துவமனை அம்மாவின் பெயரைப் பதிவு செய்யும். அரசின் ட்ரான்ஸ்டான் அமைப்பு வரிசைப்படி ஒதுக்கும். ரத்த வகையும் நெஞ்சின் அளவும் பொருந்த வேண்டும். எடுத்த நுரையீரல் சாதாரணமாக ஆறு மணி நேரம் போலத்தான் தாங்கும். அகாலத்தில் போன் வந்து காங்கேயத்திலிருந்து கிளம்பினால் சென்னைக்கு எப்போது போய்ச் சேர்வீர்கள்? அதனால் அங்கேயே வீடு எடுத்துத் தங்கச் சொல்லலாம். ஆபரேஷனுக்குப் பிறகும் சில மாதங்கள் பக்கத்திலேயே இருக்க வேண்டும். செலவு பல லட்சம். முதல்வரின் காப்பீட்டுத் திட்டத்தில் எவ்வளவு கிடைக்கும் என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

வீடு திரும்பிய பின்தான் நிஜமான பரீட்சை. சாணம், மட்கிய எரு, ஈரம் பட்ட சோளத்தட்டுப் போர் எல்லாவற்றிலும் பூஞ்சை இருக்கும். நமக்கு ஒன்றும் செய்யாத அந்தப் பூஞ்சை, எதிர்ப்புச் சக்தியை அடக்கி வைத்திருப்பவரின் நுரையீரலில் குடியேறும். பால் கறப்பதும் கட்டுத்தரை கூட்டுவதும் அம்மாவுக்கு இனி இல்லை. மாடுகளை யார் பார்ப்பது என்பதை இப்போதே பேசி வையுங்கள். விடிந்தால் மாட்டு முகத்தில் முழிக்கும் மனுஷிக்கு மாத்திரையைவிட இதுதான் கசக்கும். அவரிடம் கேட்காமல் மாடுகளை விற்றுவிடாதீர்கள்.

போய்க் காட்டினால் உடனே ஆபரேஷன் என்று அர்த்தமில்லை. மருந்தை மாற்றிப் பார்க்கலாம் என்று சொல்லியும் அனுப்பலாம். ஆனால் 62 என்பது 48 ஆன பிறகு, ‘ரொம்ப முடியாமல் போகட்டும், அப்புறம் பார்க்கலாம்’ என்று இருந்தால், ஆபரேஷனைத் தாங்கும் தெம்பே போய்விடும். இந்த மாதமே போங்கள். பழைய ஊதும் டெஸ்ட் ரிப்போர்ட்டுகளையும் சிடி ஸ்கேன்களையும் தேதிவாரியாக அடுக்கி எடுத்துக்கொள்ளுங்கள். அப்புச்சியையும் கூட்டிப் போங்கள். அவர் கேட்கிற கேள்விகளை நீங்கள் கேட்க மாட்டீர்கள்.