டைமிங் செயின் மட்டும் மாற்றினால் போதுமா? வாசகர் கேள்விகள்

கேள்வி: இன்ஜினைப் பிரித்தாயிற்று. பழைய செயின் பளபளவென்று நன்றாகத்தான் இருக்கிறது. அதையே போடலாமா?

பதில்: வேண்டாம். பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்கிலிருந்து, வால்வுகளைத் திறக்கும் தண்டான கேமுக்குச் சுழற்சியைக் கொண்டுபோவதுதான் டைமிங் செயின். 'செயின் நீண்டுவிட்டது' என்கிறோமே, உண்மையில் தகடுகள் நீள்வதில்லை. ஒவ்வொரு கண்ணியிலும் பின் என்ற ஊசியும் அதைச் சுற்றிய குழலான புஷ்ஷும் மயிரிழை அளவு தேய்கின்றன. எல்லாம் சேர்ந்து மொத்த நீளம் கூடிவிடுகிறது. கேம் பின்தங்குகிறது, குறைந்த வேகத்தில் இழுவை போகிறது. பின்கள் செங்குத்தாக நிற்கும்படி செயினை ஒரு முனையில் பிடித்துக் கிடைமட்டமாக நீட்டுங்கள். புதுச் செயினையும் அப்படியே பிடித்துப் பாருங்கள். எது அதிகமாகத் தொங்குகிறது என்று உடனே தெரிந்துவிடும்.

கேள்வி: ஸ்ப்ராக்கெட் (செயின் ஓடும் பல்சக்கரம்) பல் தேயவில்லை. செயின் மட்டும் வாங்கினால்?

பதில்: பழைய பல்லில் புதுச் செயின் சரியாக உட்காராது, சீக்கிரம் தேயும். செட்டாக வாங்குங்கள். செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரும், அது விலகாமல் தாங்கும் கைடும் அந்தக் கணக்கில்தான் வரும். பழுப்பேறி மொறமொறத்த பிளாஸ்டிக் கைடு உடைந்தால், துண்டுகள் இன்ஜின் அடியிலுள்ள ஆயில் சம்புக்குள் (எண்ணெய்த் தொட்டி) விழுந்து பம்பின் சல்லடையை அடைத்துவிடும்.

கேள்வி: கடையில் இரட்டை வரிசை 'ரோலர்' செட் என்று தருகிறார்கள். தரமானதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: விரலால் ரோலரைச் சுற்றிப் பாருங்கள். நிஜமான ரோலர், புஷ்ஷின் மேல் தனியாகச் சுழலும். ரோலர் என்று பெயர் போட்டு வரும் பல செயின்களில் ரோலரே கிடையாது. புஷ்தான் பல்லில் உரசிக்கொண்டிருக்கும். அடுத்து, ரோலரில் நீளவாக்கில் கோடு மாதிரி இணைப்பு தெரிகிறதா? தகட்டைச் சுருட்டிச் செய்தது அது. விரிசல் விட்டால் அங்கிருந்துதான் தொடங்கும். இணைப்பில்லாத ரோலரே மேல். சத்தம் குறைய அலுமினிய ஸ்ப்ராக்கெட்டில் நைலான் பல் ஏற்றிய பழைய இன்ஜின் உங்களுடையது என்றால், அதே வகையை மறுபடி தேடாதீர்கள், எஃகுக்கு மாறுங்கள். இரட்டை வரிசை என்பதற்காக மட்டும் காசு கொடுக்க வேண்டாம். முன்பக்க மூடியில் அது உரசினால் என்ன பிரயோஜனம்? மேலே கேம் உள்ள இன்ஜினுக்கு, தயாரிப்பாளர் கொடுத்த வகையே போதும்.

கேள்வி: கிராங்க் படுகைகளுக்கு லைன் போரிங் (படுகைத் துளைகளை ஒரே நேர்கோட்டில் மறுபடி கடைவது) செய்த பிறகு புதுச் செயினே தொளதொளக்கிறது. டூப்ளிகேட் சரக்கா?

பதில்: சரக்கின் மேல் பழி போடாதீர்கள். சிலிண்டர்கள் இருக்கும் பிளாக்கிலேயே கேம் இருந்து, டென்ஷனரும் இல்லாத இன்ஜின்தானே? லைன் போரிங்கில் கிராங்க் சற்று மேலேறி கேமை நெருங்குகிறது. அதற்கென்றே அங்குலத்தில் ஆயிரத்தில் 5, 10 பங்கு குறைந்த இடைவெளிக்கான செட்டுகள் வருகின்றன. எவ்வளவு ஏறியது என்று மெஷின் வேலை செய்தவரிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

கேள்வி: குறி பார்த்துத்தான் பூட்டினேன். கையால் இரண்டு சுற்று சுற்றியதும், செயினில் அடையாளத்துக்கு நிறம் பூசிய கண்ணிகள் இடம் மாறிவிட்டன!

பதில்: மாறத்தான் செய்யும். அவை பூட்டும்போது பார்ப்பதற்கு மட்டுமே. பல சுற்றுக்குப் பிறகுதான் மறுபடி பழைய இடத்துக்கு வரும். ஸ்ப்ராக்கெட் குறிகள் நேராக நிற்கின்றனவா என்று பாருங்கள், அது போதும். டென்ஷனரை அழுத்திப் பிடித்திருக்கும் பூட்டுப் பின்னை உருவினீர்களா? சரி, அப்புறம் சுற்றும்போது எங்கேயாவது முட்டினால் பலம் கொடுக்காதீர்கள். வால்வு பிஸ்டனில் இடிக்கிறதோ என்னவோ.