நான்கு மணிக்கு எழும் அம்மா

அன்புள்ள ஐயா,

வணக்கம். ரப்பர் தோட்டத்தில் முப்பத்தைந்து ஆண்டுகள் பால் வெட்டிய என் அம்மாவுக்கு இப்போது டிமென்ஷியா. ஓராண்டாக முதியோர் இல்லத்தில் இருக்கிறார். கட்டிலிலும் கதவிலும் சென்சார் பொருத்தப்போவதாகச் சொல்லி இல்லத்தார் எங்கள் கையொப்பம் கேட்கிறார்கள். சிங்கப்பூரில் இருக்கும் தம்பி உடனே சம்மதித்துவிட்டான். எனக்கோ பெற்றவளைக் காவலில் வைப்பதுபோல் இருக்கிறது. தங்கள் கருத்து என்ன?

ஒரு வாசகி, சுங்கை சிப்புட்

அன்புள்ள சகோதரிக்கு,

கையொப்பம் இடலாம் என்பதே என் எண்ணம்; ஆனால் அதற்கு முன் சிலவற்றைக் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

மெத்தைக்கடியில் விரிக்கும் பட்டை, உடலின் எடை விலகியதும் பணியாளருக்குத் தகவல் அனுப்புகிறது. கழிவறைக்குப் போய் வரும் அளவுக்குச் சில நிமிடங்கள் பொறுத்து ஒலிக்கும்படியும் பலவற்றை அமைக்கலாம். கதவில் இருப்பது இரண்டு சிறு துண்டுகள், ஒன்றில் காந்தம் இருக்கும். கதவு திறந்து அவை பிரிந்தால் ஒலிக்கும். இவை படம் எடுப்பதில்லை. அறைக்குள் கேமரா வைப்போம் என்றால் அது வேறு விஷயம். அதற்கு நான் உடன்படமாட்டேன்.

என் பெரியம்மாவும் பால் வெட்டியவர்தான். அவர் இருந்த இல்லத்தின் சென்சார் பதிவில் மூன்று வாரங்களாக, ஏறக்குறைய ஒரே நேரத்தில், அதிகாலை நான்கு மணிக்கு, 'இரவில் அலைதல்' என்று குறிக்கப்பட்டிருந்தது. தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, குளியலறை வாளியைக் கையில் பிடித்தபடி கதவருகே நிற்பாராம். தமிழ் அறியாத பணிப்பெண் தோளைப் பிடித்துப் படுக்க வைக்கப் பார்க்க, பெரியம்மா தள்ளிவிட, தூக்க மாத்திரை கொடுக்கலாமா என்று எங்களைக் கேட்டார்கள். பதிவை வரிசையாகப் பார்த்த பிறகுதான் எனக்கே உறைத்தது: அது பெரட்டில், அதாவது தோட்டத்தில் வேலைக்கு முன் ஆள் கணக்கெடுக்கும் இடத்தில், பெயர் கொடுக்கப் போகும் நேரம். "இன்னிக்கு மழ, வேல இல்ல" என்ற நான்கு சொற்களை அந்தப் பெண்ணுக்குக் கற்றுக் கொடுத்தோம். மழையென்றால் பால் வெட்ட முடியாது என்பது பெரியம்மாவுக்கு மறக்கவில்லை. வாளியை வைத்துவிட்டு, கொடுத்த கோப்பியைக் குடித்தபடி விடியும்வரை நாற்காலியில் அமர்ந்திருப்பார். பொய்தான், ஆனால் மாத்திரை அளவுக்கு அது எனக்கு உறுத்தவில்லை.

கருவி நேரத்தைச் சொன்னது, காரணத்தைச் சொல்லவில்லை. ஆனால் நேரத்தை அது சொல்லியிராவிட்டால் காரணத்தையும் நாங்கள் தேடியிருக்கமாட்டோம். வழக்கத்துக்கு மாறாக ஒருவர் இரவில் அடிக்கடி கழிவறைக்குப் போவது பதிவில் தெரிந்தால், சிறுநீர்த் தொற்றாக இருக்குமோ என்று மருத்துவரிடம் காட்டலாம். முதியவர்களுக்கு அந்தத் தொற்றே திடீர்க் குழப்பத்தை உண்டாக்கக்கூடும். பதிவை யாராவது படித்தால்தான் இதெல்லாம்.

ஆகவே இல்லத்தாரிடம் முதலில் கேட்க வேண்டியது, இரவில் எத்தனை பேர் பணியில் இருக்கிறார்கள், சென்சார் வந்தபின் அந்த எண்ணிக்கையைக் குறைப்பார்களா என்பதுதான். ஒருவரே பல கட்டில்களின் ஒலிக்கு ஓட வேண்டியிருந்தால், சில நாட்களில் அவர் ஒலியைக் குறைத்து வைத்துவிடுவார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. அடுத்து, பதிவுகளை யார் பார்ப்பார்கள், எவ்வளவு காலம் வைத்திருப்பார்கள் என்று கேளுங்கள். நம் மலேசியாவின் 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல், மன நலம் பற்றிய தகவலைத் தனிக் கவனத்துக்குரியதாக வகைப்படுத்தி, அதைக் கையாள வெளிப்படையான ஒப்புதலைக் கேட்கிறது. எனவே இந்தக் கேள்வியைத் தயங்காமல் கேட்கலாம். தெளிவாக இருக்கும் வேளையில் அம்மாவிடமும் சொல்லிவிடுங்கள், மறுநாள் மறந்துபோனாலும்.

காவல் என்றீர்கள். அந்த இல்லத்தின் இரும்புக் கதவில் இப்போது பூட்டு தொங்குகிறதா என்று பாருங்கள். நமக்கு ஏனோ பூட்டு உறுத்துவதில்லை, சென்சார் உறுத்துகிறது. கதவு திறந்தால் தகவல் வரும் என்றானபின், பகலிலாவது அந்தப் பூட்டை எடுத்துவிட முடியுமா என்று கேளுங்கள்.

அம்மா வேலை செய்த தோட்டத்தின் பெயர், பெரட்டுக்குப் போன நேரம், அவரை அங்கே எப்படி அழைத்தார்கள் என்பதையெல்லாம் பணியாளர்கள் படிக்கும்படி மலாயில் ஒரு தாளில் எழுதி, ஒப்புதல் படிவத்தோடு சேர்த்துக் கொடுங்கள்.