பைரவரைப் பச்சை குத்திக்கொள்ளலாமா?

கேள்வி: என் மகனுக்கு 22 வயது. தேய்பிறை அஷ்டமிதோறும் அதியமான்கோட்டை காலபைரவருக்குப் பூசணி விளக்கேற்றி வருபவன், இப்போது அவருடைய முழு உருவத்தையும் கெண்டைக்காலில் டாட்டூவாகக் குத்திக்கொள்ளப் போவதாகச் சொல்கிறான். ராணுவத்தில் சேரும் எண்ணமும் அவனுக்கு உண்டு. உக்கிர தெய்வத்தை உடம்பில் வரையலாமா? கையிலுள்ள கபாலத்துக்கும் அருகிலுள்ள நாய்க்கும் என்ன பொருள்? – வாசகி, பென்னாகரம்

பதில்: உக்கிர வடிவம் என்பதற்காக நீங்கள் அஞ்ச வேண்டியதில்லை, அம்மா. அந்தக் கபாலம் பிரம்மனின் ஐந்தாவது தலை. தானே பெரியவன் என்று செருக்குற்ற பிரம்மனின் அத்தலையைப் பைரவர் கிள்ளியெடுத்ததாகவும், அது கையோடு ஒட்டிக்கொள்ளவே பிச்சையேற்று அலைந்து, காசியை அடைந்த பிறகே அதிலிருந்து விடுபட்டதாகவும் புராணம் கூறுகிறது. ஆணவத்தை அழித்தவர் இறைவனே ஆயினும் அந்த வினைக்குக் கழுவாய் தேடினார் என்பதே இக்கதையில் என்னை மிகவும் நெகிழவைக்கும் பகுதி. இதை உங்கள் மகன் அறிந்திருந்தால் அந்த உருவம் அவருக்கு வழிபாடாகும். அறியாவிட்டால் வெறும் மண்டையோட்டுப் படமாகவே நின்றுவிடும். நாய் காவலின் அடையாளம். பைரவர் க்ஷேத்திரபாலர், அதாவது கோயிலைக் காப்பவர் என்பதால்தான், இரவில் நடை சாத்தியபின் கோயிற்சாவியை அவர் திருமுன் வைக்கும் வழக்கம் பல சிவாலயங்களில் இருந்துவருகிறது.

ஆனால் கெண்டைக்கால் வேண்டாம். கைகூப்பி வணங்கும் உருவத்தை இடுப்புக்குக் கீழே வரைவது நம் மரபுக்கு ஒவ்வாது. ராணுவ ஆள்சேர்ப்பு விதிகளும், பழங்குடியினருக்கு அளிக்கப்படும் தனி விலக்கைத் தவிர்த்து, முழங்கையின் உட்புறம் முதல் மணிக்கட்டு வரையிலும் புறங்கையிலும் மட்டுமே நிரந்தரப் பச்சையை அனுமதிக்கின்றன. அவ்வளவு சிறிய இடத்தில் முழு உருவத்தை அடைத்தால், மை காலப்போக்கில் பரவி முகமே கலங்கிப்போகும் என்பதால், சூலத்தையோ உடுக்கையையோ மட்டும் குத்திக்கொள்வதே சிறந்தது என்பது என் உறுதியான கருத்து. நம் பாட்டிமார்கள் முன்கையில் கோலமும் தேளும் குத்திக்கொண்டதும் இவ்வாறு சில கோடுகளில்தான். ஊசி புதியதாக, அவர் கண்ணெதிரில் பிரிக்கப்பட்டதாக இருக்கட்டும். பழைய ஊசியால் மஞ்சள் காமாலைக் கிருமிகள் தொற்றக்கூடும். பச்சை குத்திய பின் ஓராண்டுக்கு இரத்ததானம் செய்ய இயலாது என்பதையும் சொல்லிவையுங்கள்.

கேள்வி: தோளில் நடராசரைக் குத்திக்கொள்ள விரும்புகிறேன். கடையில் காட்டிய இரண்டு படங்களில் கால்கள் மாறியிருக்கின்றன. எது சரி? – வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: வலக்காலைக் காலடியில் கிடக்கும் முயலகன் என்னும் அசுரன்மேல் ஊன்றி இடக்காலைத் தூக்கியிருப்பதே தில்லைத் திருவடிவம். மேல் வலக்கையில் படைப்பைக் குறிக்கும் உடுக்கையும், மேல் இடக்கையில் அழித்தலைக் குறிக்கும் தீயும் இருக்கும். கீழ் வலக்கை அபயம் காட்ட, கீழ் இடக்கை தூக்கிய திருவடியைச் சுட்டும். மதுரை வெள்ளியம்பலத்தில் கால் மாறி ஆடுவது தனிச்சிறப்பு. மற்றபடி கால் மாறியிருந்தால், கைபேசியில் படம் இடவலமாகப் புரண்டிருக்கவே வாய்ப்பு அதிகம். உடுக்கை எந்தக் கையில் உள்ளது என்பதை அச்சுத்தாளில் மட்டும் பார்த்து நிறுத்திவிடாதீர்கள்; தோளில் ஒற்றியெடுத்த பிறகு, ஊசி படுவதற்கு முன் இன்னொருமுறை பாருங்கள்.