மூளையில் நொதி குறைவதால்தான் மறதி நோய் வருகிறதாமே, நொதி மாத்திரை சாப்பிட்டால் சரியாகுமா?

உங்கள் வீட்டுப் பெரியவர் யாருக்கோ அல்சைமர் என்ற மறதி நோய்க்கான டோனிபெசில் மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், கூடவே யாரோ ஒரு 'நொதி' டப்பாவையும் விற்கப் பார்க்கிறார்கள் என்று வைத்துக்கொள்கிறேன்.

அல்சைமரில் ஒரு நொதி குறைவது உண்மைதான். நினைவுக்கு வேண்டிய, நரம்புச் செல்களுக்கிடையே செய்தி கடத்தும் அசிடைல்கோலின் என்ற ரசாயனத்தைத் தயாரிக்கும் கோலின் அசிடைல்டிரான்ஸ்ஃபெரேஸ் குறைந்திருப்பதை 1976-லேயே கண்டுவிட்டார்கள். ஆனால் அந்த நொதியைத் தயாரிக்கும் நரம்புச் செல்கள் அழிவதால்தான் அது குறைகிறது. நொதி ஒரு புரதம். விழுங்கினால் வயிற்றிலேயே செரித்துவிடும். மிச்சம் மீதி இரத்தத்தில் கலந்தாலும் மூளைக்குள் போகாது.

டாக்டர் தரும் மாத்திரை செய்வதோ நேர் எதிர் வேலை. அசிடைல்கோலினை உடைக்கும் அசிடைல்கோலினெஸ்டரேஸ் என்ற நொதியை அது முடக்குகிறது. வரத்து குறைந்த தொட்டியில் ஓட்டையை அடைக்கிற மாதிரி. வரத்தே நின்றுபோனால் அடைத்தும் பலனில்லை. அதனால் நோய் நிற்காது, கொஞ்ச காலம் சமாளிக்கலாம். 'மருந்தே வேண்டாம் என்கிறாயா' என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம், அப்படிச் சொல்லவில்லை.

டோனிபெசில் வழக்கமாக இரவில் 5 மி.கி.யில் தொடங்கும், 4 முதல் 6 வாரம் கழித்துத்தான் 10. அவசரப்பட்டு ஏற்றினால் குமட்டல், பேதி, எடைக் குறைவு. கெட்ட கனவு வந்தால் காலைக்கு மாற்றச் சொல்லிக் கேளுங்கள். நாடித் துடிப்பையும் இது குறைக்கும். ஏற்கெனவே பீட்டா பிளாக்கர் (இரத்த அழுத்தம், இதயத்துக்கான மருந்து, இதுவும் துடிப்பைக் குறைக்கும்) சாப்பிடுகிறவர் மயங்கி விழுந்தால் வயசு என்று விட்டுவிடாதீர்கள். இதே வேலையைச் செய்யும், தோலில் ஒட்டும் ரிவாஸ்டிக்மின் பேட்ச் என்றால், பழையதை உரித்த பிறகே புதியது. மறந்து இரண்டு மூன்று ஒட்டிக்கொண்டு அளவு மீறிப் போனவர்கள் உண்டு. ஒரே இடத்தில் 14 நாளைக்குத் திரும்ப ஒட்டக் கூடாது. மூன்று நாளுக்கு மேல் விட்டுப்போனால் நீங்களாக விட்ட இடத்தில் தொடராதீர்கள். டாக்டர் குறைந்த அளவிலிருந்து மறுபடி ஏற்றுவார்.

எனக்கு எரிச்சல் வருவது இங்கேதான். டோனிபெசிலால் சிறுநீர் அடிக்கடி முட்டும். உடனே இன்னொரு டாக்டர் அதை அடக்க ஆக்ஸிபியூட்டினின் எழுதுவார். அது அசிடைல்கோலினையே மறிக்கிற மருந்து! ஒரு கை ஏற்றுகிறது, மறு கை இறக்குகிறது. மறதியும் குழப்பமும் கூடும். அமிட்ரிப்டிலின், டிரைஹெக்ஸிஃபெனிடில், சளிக்கு வாங்கும் குளோர்ஃபெனிரமின் எல்லாம் இதே ரகம். எல்லாச் சீட்டுகளையும் ஒரே டாக்டரிடம் ஒன்றாகக் காட்டுங்கள்.

'அல்சைமரில் மூளையில் படியும் அமிலாய்டு என்ற புரதத் துண்டை வெட்டி உருவாக்கும் நொதிகளைத் தடுத்தால் நோய் தீரும்' என்றும் படித்திருப்பீர்கள். அவற்றில் ஒன்றான காமா செக்ரிடேஸைத் தடுத்த செமகாசெஸ்டாட் என்ற மருந்து 2010-ல் கைவிடப்பட்டது. சாப்பிட்டவர்களின் நிலை மோசமானது, தோல் புற்றுநோயும் கூடியது. அந்த நொதி உடம்புக்கு வேண்டிய வேறு பல புரதங்களையும் வெட்டுகிறது. இன்னொரு நொதியான பீட்டா செக்ரிடேஸைக் குறிவைத்த வெருபெசெஸ்டாட்டும் தோற்றது. எலிக்குக் குணமானால் முதல் பக்கச் செய்தி, மனிதனிடம் தோற்றால் ஒரு வரிகூட இல்லை.

நொதி வேலை செய்யாததால் மறதி என்பது நிஜமாகவே பொருந்தும் இடமும் உண்டு. தயமின் (வைட்டமின் பி1) இல்லாவிட்டால் டிரான்ஸ்கீட்டோலேஸ் என்ற நொதி படுத்துவிடும். நீண்ட நாள் குடி, ஓயாத வாந்தி உள்ளவர்களுக்கு இப்படி வரும். குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன்போ கூடவோ தயமின் ஊசி போட வேண்டும். தாமதித்தால் நிரந்தர மறதியாகிவிடலாம். பி12 குறைந்தாலும் மறதி வரும். அல்சைமர் என்று முடிவு கட்டுமுன் பி12, தைராய்டு இரண்டும் பார்த்தாயிற்றா என்று கேளுங்கள்.